கரையில் நின்றவர் சொன்னது

ஓர் ஊர்வலம் தெருவழியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் நடப்போர் ஒரு கூட்டம். அவர்களைத் தடுக்க நிற்கும் போலீஸார் ஒரு கூட்டம். இவ்விரண்டையும்விடப் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. அது திண்ணையிலும் கடை வாசலிலும் மாடிச் சுவரோரத்திலும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம். சரித்திர நூல்கள் முதல் இரண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அந்த மூன்றாவது கூட்டம் என்ன சொல்லிற்று, எப்போது சொல்லிற்று, பின்னர் அதை எவ்வாறு மறந்தது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பிறரைக் குறை கூறுவதற்காக அன்று. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதனால்தான்.

2020 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவரைப் போலீஸார் பிடித்தனர். கள்ள நோட்டு ஒன்றைக் கொடுத்துச் சிகரெட்டு வாங்கினார் என்பது புகார். கைகளைப் பின்னால் விலங்கிட்டுத் தெருவில் குப்புறக் கிடத்தி, ஒரு போலீஸ் அதிகாரி அவருடைய கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றினார். 9 நிமிஷம் 29 விநாடி அந்த முழங்கால் எடுக்கப்படவில்லை. மூச்சு விட முடியவில்லை என்று அவர் பலமுறை சொன்னார், தாயைக் கூப்பிட்டார், பிறகு அடங்கிவிட்டார். போலீஸ் இலாகா முதலில் வெளியிட்ட அறிக்கையில், போலீஸார் ஒருவரைப் பிடிக்க நேர்ந்தபோது அவர் உடல்நலக் கோளாறினால் இறந்தார் என்ற அளவே கண்டிருந்தது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தெருவோரம் நின்ற 17 வயதுப் பெண்ணொருத்தி தன் கைப்பேசியில் அந்தக் காட்சியைப் படம் பிடித்து வெளியிட்டிராவிட்டால் அந்த அறிக்கையே வரலாறாக நிலைத்திருக்கும். கரையில் நின்றவர்களுள் அவளும் ஒருத்தி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் அந்நாட்டில் எழுந்த கிளர்ச்சி மிகப் பெரியது. அந்தக் கோடையில் ஒன்றரைக் கோடிப் பேர் முதல் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர் வரை ஊர்வலங்களில் கலந்துகொண்டிருக்கலாம் என்று கணக்கெடுத்தவர்கள் கூறினர். நம் நாட்டில் அது நோய்த் தொற்றுக் காலம். வெளியே செல்ல வழியில்லை. நானும் என் பேத்தியும் வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மே மாதம் 28 ஆம் நாள் இரவு மினியாபொலிஸின் போலீஸ் நிலையம் ஒன்றுக்குத் தீ வைக்கப்பட்டது. அந்த நெருப்பைப் பார்த்ததும் நான், “இவர்கள் கேட்பது நியாயந்தான்; ஆனால் கேட்கிற முறை இதுவா?” என்றேன்.

பேத்தி அப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “தாத்தா, அந்த மனிதர் செத்துப்போனதை இரண்டு நாள் முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்துதானே பார்த்தீர்கள்? அப்போது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?” என்று கேட்டாள்.

அவள் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. உயிர் போனதைப் பார்த்தபோது நான் வருந்தினேன் என்பது உண்மை. ஆனால் வாய் திறந்து தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை. கட்டடம் எரிந்தபோதுதான் தீர்ப்புச் சொல்லத் தோன்றியது. ஏன் அப்படி? நான் முறையைப் பற்றிச் சொன்ன அந்த வாக்கியம் என்னுடையதுதானா, அல்லது எனக்கு முன்னே பலர் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழைய நூல்களையும் கணக்குகளையும் தேடிப் படிக்கலானேன்.

அமெரிக்காவில் மக்களின் அபிப்பிராயத்தை வீடு வீடாகச் சென்று கேட்டுக் கணக்கெடுக்கும் வழக்கம் 1930களிலேயே வந்துவிட்டது. காலப் என்பவர் தொடங்கிய நிறுவனம் அவற்றுள் பேர்பெற்றது. ஆகவே, கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய காலத்தில் கரையில் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் முதலில் எடுத்துப் பார்த்தது 1961 ஆம் ஆண்டுக் கணக்கு.

அந்த ஆண்டு மே மாதம் 4 ஆம் நாள், கறுப்பரும் வெள்ளையருமாகப் 13 பேர் வாஷிங்டனில் பஸ் ஏறித் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். விடுதலைப் பயணிகள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் செய்தது இவ்வளவுதான்: பஸ்ஸில் அடுத்தடுத்து அமர்ந்தார்கள், நிறத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டிருந்த நிலையங்களில் ஒரே அறையில் காத்திருக்க முயன்றார்கள். மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் பயணிகளை நிலையங்களில் இப்படிப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு முந்தைய ஆண்டே தீர்ப்புக் கூறிவிட்டது. அதாவது அவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டம் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். மே 14 ஆம் நாள் அலபாமா மாகாணத்தில் அனிஸ்டன் என்னும் ஊருக்கு அருகே ஒரு பஸ் கொளுத்தப்பட்டது. பர்மிங்காம் நகரத்து நிலையத்தில் மற்றொரு பஸ்ஸில் வந்தவர்களைக் கும்பல் இரும்புக் குழாய்களால் அடித்தது. கும்பல் தன் காரியத்தை முடிக்கும்வரை போலீஸார் கால் மணி நேரம் அந்தப் பக்கம் வராமலிருப்பதென்று முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தது பின்னாளில் வெளிப்பட்டது.

இதைக் கேள்விப்பட்டிருந்த மக்களிடம் விடுதலைப் பயணிகள் செய்வதை ஏற்கிறீர்களா என்று கேட்டபோது, நூற்றுக்கு 22 பேர் ஏற்பதாகக் கூறினர். 61 பேர் ஏற்கவில்லை என்றனர். நான் இந்த எண்ணை இரண்டுமுறை படித்தேன். எரிந்தது இவர்கள் ஏறிவந்த பஸ். அடிபட்டது இவர்கள் தலை. கலகம் செய்தவர் என்ற பெயரும் இவர்களுக்கே வந்தது.

1963 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் வாஷிங்டனில் நடந்த பேரணியைப் பற்றி நீங்கள் பாடப் புத்தகத்திலே படித்திருப்பீர்கள். மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைப் பற்றிப் பேசியது அங்கேதான். இரண்டரை லட்சம் பேர் கூடியும் அமைதி குலையாத அந்த நாளை இன்று உலகமே போற்றுகிறது. ஆனால் அது நடப்பதற்கு முன் என்ன சூழ்நிலை? நகரில் மது விற்பனை நிறுத்தப்பட்டது. பட்டாளம் தயாராக வைக்கப்பட்டது. அந்தப் பேரணியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் நூற்றுக்கு 60 பேர் அதை விரும்பவில்லை என்று அதே மாதத்துக் கணக்குச் சொல்லிற்று. 23 பேர்தான் நல்லபடியாகப் பேசினர். சரி, பேரணி அமைதியாக முடிந்தபின் மனம் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த ஆண்டு, 1964 இல், இத்தகைய ஆர்ப்பாட்டங்கள் கறுப்பின மக்களின் நோக்கத்துக்கு நன்மை செய்யுமா, தீங்கு செய்யுமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 74 பேர், தீங்குதான் என்று விடையளித்தனர்.

அந்தப் பேரணியில் பேசியவர்களுள் மிக இளையவர் ஜான் லூயிஸ். வயது 23. உங்களில் சிலருக்கு அண்ணன் வயது. விடுதலைப் பயணிகள் பதின்மூவரில் அவரும் ஒருவர். அவர் எழுதிக்கொண்டுவந்த உரை காரமாக இருக்கிறது என்று அவர் பக்கத்துப் பெரியவர்களே கவலைப்பட்டுக் கடைசி நேரத்தில் சில பகுதிகளை மாற்றச் செய்தனர். மாற்றிய பின்னும் ஒரு கருத்தை அவர் விடவில்லை. சட்டசபையில் வந்திருக்கும் மசோதாவில், போலீஸ் நாய்களிடமிருந்தும் தீயணைக்கும் குழாய்களிடமிருந்தும் குழந்தைகளையும் முதிய பெண்களையும் காப்பாற்ற ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

நாயும் குழாயும் எங்கே வந்தன என்று சொல்ல வேண்டும். அதே ஆண்டு வசந்த காலத்தில் பர்மிங்காம் நகரில் நடந்தது அது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்து ஏப்ரல் மாதம் அறப்போர் தொடங்கியது. கிங் கைது செய்யப்பட்டுத் தனிச் சிறையில் வைக்கப்பட்டார். அப்போது அந்த ஊர் வெள்ளை மதகுருமார் எட்டுப் பேர் பத்திரிகையில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். இவர்கள் கொடியவர்கள் அல்லர், நிறவெறியரும் அல்லர். படித்தவர்கள், பண்பானவர்கள். ஆர்ப்பாட்டம் இப்போது வேண்டாம், காலம் சரியில்லை, நீதிமன்றம் இருக்கிறது, பேச்சுவார்த்தை இருக்கிறது என்றார்கள். நிலைமையை அமைதியாகக் கையாண்டதற்காகப் போலீஸாரையும் பாராட்டினார்கள். சிறையிலிருந்த கிங் கையில் கிடைத்த செய்தித்தாளின் ஓரங்களிலும் துண்டுக் காகிதங்களிலும் பதில் எழுதத் தொடங்கினார். பகைவனைவிட, உன் நோக்கம் சரி, முறைதான் சரியில்லை என்று சொல்லிக் காலத்தைக் கடத்தும் நல்லவரே தமக்கு மிகுந்த ஏமாற்றம் அளிப்பதாக அதில் அவர் எழுதினார். இந்தப் பகுதியைப் படித்தபோது, நாற்காலியில் அமர்ந்து நான் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. அந்த எட்டுப் பேரும் என்னைப் போன்றவர்களே.

மூன்று வாரத்துக்குள், மே மாதம் 2 ஆம் நாள், பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நூற்றுக்கணக்கானவர் பாடிக்கொண்டே சிறை சென்றனர். மறுநாள் நகரப் போலீஸ் தலைவர் கானர் நாய்களை அவிழ்த்துவிடச் செய்தார். மரப்பட்டையையே உரித்துவிடும் வேகத்தில் நீரைப் பாய்ச்சும் குழாய்களைப் பிள்ளைகள்மேல் திருப்பச் செய்தார். குழந்தைகளைப் போராட்டத்தில் இறக்குவதா என்று அப்போதும் நாலா பக்கமும் கண்டனம் எழுந்தது. அரசாங்கத்தின் உயர்ந்த பதவியிலிருந்தவர்களும் கண்டித்தார்கள். கறுப்பினத் தலைவர்களிலேயே சிலர் கண்டித்தார்கள். இந்தக் கண்டனத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. என் பேத்தி அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்திருப்பேன்.

ஆனால் அன்று எடுத்த புகைப்படம் ஒன்று உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. போலீஸ்காரர் ஒரு கையால் ஓர் இளைஞனின் சட்டையைப் பற்றியிருக்கிறார். நாய் அவன் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து ஜனாதிபதி கென்னடி மனம் நொந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ஜூன் மாதம் 11 ஆம் நாள் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, இது அறத்தைப் பற்றிய பிரச்சினை என்று நாட்டு மக்களிடம் பேசினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1964 ஆம் ஆண்டின் சம உரிமைச் சட்டம். அந்தப் படத்தைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. படத்திலிருக்கும் இளைஞன் ஊர்வலத்தைச் சேர்ந்தவன் அல்லன். வேடிக்கை பார்க்க வந்தவன். கரையில் நின்றவன்தான். நாய்க்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். மக்கள் போராட்டத்தை விரும்பியதாக எந்தக் கணக்கிலும் காணோம். அவர்கள் மனம் அசைந்தபோதெல்லாம், அசைத்தது போராட்டம் அன்று. போராட்டத்தின்மேல் விழுந்த அடி.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது செல்மா. அலபாமாவில் உள்ள சிறிய ஊர் அது. அங்கே கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியச் சென்றால் ஏதேனும் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். 1965 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் இரவு, பக்கத்து ஊரான மேரியனில் ஊர்வலத்தினரைப் போலீஸார் அடித்தனர். ஓர் உணவு விடுதிக்குள் ஒதுங்கிய தாயையும் தாத்தாவையும் காப்பாற்ற முயன்ற ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரை மாகாணப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டார். எட்டு நாளில் அவர் இறந்தார். நாடு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சுட்டவருக்குத் தண்டனை கிடைத்தது எப்போது என்கிறீர்கள்? 2010 ஆம் ஆண்டு. 45 ஆண்டு கழித்து. குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறு மாதச் சிறை.

அந்தச் சாவுக்கு நீதி கேட்டுத்தான் மார்ச் மாதம் 7 ஆம் நாள் 600 பேர் செல்மாவிலிருந்து தலைநகருக்கு நடக்கப் புறப்பட்டனர். முன்னே நடந்தவர்களுள் ஜான் லூயிஸ் ஒருவர். ஊர் எல்லையில் ஆற்றின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. எட்மண்டு பெட்டஸ் என்பவர் பெயரால் அமைந்த பாலம். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி அவர். பாலத்தின் மறுகரையில் மாகாணப் போலீஸார் நின்றனர். கலைந்து போகச் சொல்லி இரண்டு நிமிஷம் கொடுத்தனர். அதுவும் முடியுமுன் தடியோடு பாய்ந்தனர். கண்ணீர்ப் புகை, குதிரைகள், சாட்டை. லூயிஸின் மண்டையோடு பிளந்தது. சாலையோரத்தில் வெள்ளையர் சிலர் நின்று ஆரவாரம் செய்தனர்.

அன்றிரவு ஒரு தொலைக்காட்சி நிலையம், நாஜிகளை நீதிமன்றத்தில் விசாரித்ததைப் பற்றிய திரைப்படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 5 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். நடுவில் படத்தை நிறுத்திவிட்டுச் செல்மா பாலத்துக் காட்சியைக் காட்டினார்கள். அயல் நாட்டான் செய்த கொடுமையைக் கண்டு உள்ளம் கொதித்துக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று தங்கள் நாட்டுப் போலீஸாரைப் பார்த்தார்கள். எந்த வீட்டுத் திண்ணையும் அன்று தூரமாக இல்லை. செல்மா விஷயத்தில் நீங்கள் யார் பக்கம் என்று பிறகு கேட்டபோது, நூற்றுக்கு 48 பேர் உரிமை கேட்டவர் பக்கம் என்றனர். 21 பேர் அலபாமா மாகாணத்தின் பக்கம் என்றனர். ஆகஸ்டு மாதம் 6 ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று.

இத்தோடு கதை நின்றால் கேட்க இனிமையாக இருக்கும். ஐந்தே நாள் கழித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், காரோட்டி வந்த இளைஞன் ஒருவனைப் போலீஸார் நிறுத்தியதில் தொடங்கிய பூசல் ஆறு நாள் எரிந்தது. 34 பேர் மாண்டனர். 1967 இல் நியூவார்க், டெட்ராய்ட்டு. டெட்ராய்ட்டில் மட்டும் 43 பேர். செல்மாவில் திரும்பிய மனங்கள் மறுபடியும் திரும்பிக்கொண்டன. ஜனாதிபதி ஜான்ஸன் அமைத்த கமிஷன் 1968 இல் அறிக்கை தந்தது. மக்களின் மனக்குறைகளில் முதல் வரிசையில் போலீஸாரின் நடத்தை இருப்பதாக அது எழுதிற்று. அறிக்கையை லட்சக்கணக்கானவர் வாங்கினர். அமைத்தவரோ அதை வரவேற்றுப் பேசவில்லை.

கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. ஆய்ந்து பாராமல் இட்ட ஆணையால் வெட்டுண்டு மாண்ட குற்றமற்ற கணவனுக்காக ஒரு பெண் நகரத்தையே எரித்த கதையை நாம் காப்பியமாகப் போற்றுகிறோம். கண்ணகியிடம், உன் முறை சரியா என்று யாரும் கேட்பதில்லை, கோயில் எடுத்தோம். ஆனால் காப்பியத்து நெருப்பு வேறு, தெருவில் எரியும் நெருப்பு வேறு. வாட்ஸிலும் மினியாபொலிஸிலும் வெந்துபோன கடைகளில் ஏழைகளின் கடைகளும், கறுப்பின மக்களின் கடைகளுமே பல இருந்தன. தவிர, 1960களின் ஊர்வலங்களையும் தேர்தல்களையும் சேர்த்து ஆராய்ந்த ஓர் அரசியல் அறிஞரின் கட்டுரை 2020 இல் வெளிவந்தது. அமைதியான போராட்டம் நடந்த இடங்களை ஒட்டி வெள்ளையரின் வாக்கு உரிமை இயக்கத்துக்கு ஆதரவான கட்சிப் பக்கம் சற்றுச் சாய்ந்தது. வன்முறை நடந்தபின் எதிர்ப்பக்கம் சாய்ந்தது என்பது அதன் முடிவு. இதை நான் நம்புகிறேன். நெருப்பு நண்பர்களைக் குறைக்கிறது. பேத்தியிடமும் இதை மறைக்கவில்லை.

ஆனால் அவள் விட்டபாடில்லை. “அமைதியாகப் போனவர்களையும் 61 பேர் பிடிக்கவில்லை என்றார்களே, தாத்தா? அவர்கள் எதையும் கொளுத்தவில்லையே?” என்றாள்.

அதுதான் சிக்கல். அமைதியாக நடக்கும்போது காலம் சரியில்லை என்கிறோம். கொதித்து எழும்போது முறை சரியில்லை என்கிறோம். அமைதியாக அடிவாங்குவது எளிய காரியமென்றும் நினைத்துவிடுகிறோம். அது பயின்று பெற வேண்டிய கலை. ஜேம்ஸ் லாஸன் என்ற அமெரிக்க இளைஞர் 1953 முதல் 1956 வரை நம் நாட்டில் நாகபுரிக் கல்லூரி ஒன்றில் பணியாற்றிக் காந்தியடிகளின் முறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். நாஷ்வில் நகரில் ஒரு மாதா கோயிலின் அடித்தளத்தில் மாணவர்களுக்கு வகுப்பு நடத்தினார். பாதிப் பேர் பகைவராக நடிப்பார்கள். மற்றவரை வைவார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள், முகத்தில் சிகரெட்டுப் புகையை ஊதுவார்கள். திருப்பிக் கை ஓங்கியவர் தேறவில்லை என்று பொருள். மாதக்கணக்கில் இப்படிப் பயின்ற பிறகே 1960 இல் உணவு விடுதிகளில் போய் உட்கார்ந்தார்கள். ஜான் லூயிஸ் அந்த வகுப்பு மாணவர். பாலத்தில் தடி விழுந்தபோது கையை ஓங்காமல் நிற்க அவர் கற்றது அங்கேதான். தடி பிடித்தவர்களுக்கு எத்தனை மாதம் பயிற்சி கொடுத்தார்கள், பொறுமையைக் கற்பித்தார்களா என்று கரையில் நின்ற யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பொறுமை அடிபடுகிறவனுடைய பாடமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

கிங்கும் 1959 இல் நம் நாட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கினார். கன்னியாகுமரிவரை சென்று கடலைப் பார்த்தார். அவரைப் பற்றிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1966 ஆம் ஆண்டு, நோபல் பரிசு பெற்று இரண்டு ஆண்டு ஆனபின், அமெரிக்கரில் நூற்றுக்கு 63 பேர் அவரைப் பற்றி நல்லெண்ணம் இல்லை என்றனர். 1968 ஏப்ரல் 4 ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஆம் ஆண்டு அதே கேள்வியைக் கேட்டபோது 94 பேர் அவரை மதிப்பதாகக் கூறினர். அந்த 63 பேர் எங்கே போனார்கள்? பலர் காலமாகியிருப்பார்கள். மற்றவர்கள் மறந்திருப்பார்கள். பேரப்பிள்ளைகளிடம், நாங்கள் அப்போதே அவர் பக்கம்தான் என்று சொல்லியிருப்பார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

2020 இன் கணக்கும் ஏறக்குறைய அதே வழியில் போயிற்று. ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 67 பேர் கறுப்பர் உயிர் இயக்கத்தை ஆதரிப்பதாகக் கூறினர். இது பழைய நாளில் காணாத எண். கைப்பேசியில் வந்த அந்தக் காட்சி செய்த வேலை. செப்டம்பரில் 55 ஆகக் குறைந்தது. அந்தக் கோடையில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் நூற்றுக்கு 93க்கும் மேற்பட்டவை அமைதியாக நடந்தவை என்று கணக்கெடுத்தவர்கள் எழுதினர். எனக்கு அது வியப்பாக இருந்தது. நான் தொலைக்காட்சியில் பார்த்ததெல்லாம் மற்ற ஏழுதானே! கழுத்தில் முழங்கால் ஊன்றிய அதிகாரிக்கு 2021 இல் கொலைக் குற்றத்துக்காக இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஜான் லூயிஸ் பிற்காலத்தில் அமெரிக்க மக்கள் சபையில் 33 ஆண்டு உறுப்பினராக இருந்தார். 2020 ஜூன் மாதம், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த நிலையில், வாஷிங்டன் தெருவில் நகர நிர்வாகம் பெரிய எழுத்தில் தீட்டச் செய்திருந்த வாசகத்தைப் பார்க்கச் சென்றார். ஜூலை 17 ஆம் நாள் இறந்தார். 26 ஆம் நாள் அவருடைய உடலைக் குதிரை வண்டியில் வைத்துச் செல்மா பாலத்தைக் கடக்கச் செய்தனர். அதையும் நானும் பேத்தியும் பார்த்தோம். அவர் இரத்தம் சிந்திய சாலையில் ரோஜா இதழ்களைத் தூவியிருந்தனர். பாலத்துக்கு அப்பால் அலபாமா மாகாணப் போலீஸார் வரிசையாக நின்று சலாம் செய்தனர். பாலத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

“அன்றைக்கு ரோட்டோரம் நின்று ஆரவாரம் செய்தவர்களில் யாராவது இன்றைக்கும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களா, தாத்தா?” என்று பேத்தி கேட்டாள்.

“இருக்கலாம் அம்மா” என்றேன்.

“என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள்?”

படத்தில் கூட்டத்தின் முகங்கள் சற்றே தெரிந்தன. வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.